பலகை இரண்டு, பயம் ஒன்று: ஹிரானோவும் ஷான் ஒயிட்டும் என்ன செய்கிறார்கள்?

வாசகர் கேள்வி, 2024 நவம்பர் 8

"ஜப்பானின் அயுமு ஹிரானோ ஸ்னோபோர்டிலும் ஒலிம்பிக் போனார், ஸ்கேட்போர்டிலும் ஒலிம்பிக் போனார். அமெரிக்காவின் ஷான் ஒயிட் இரண்டிலும் எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கியிருக்கிறார். இதில் வியக்க என்ன இருக்கிறது? இரண்டும் பலகைமேல் நிற்கிற விளையாட்டுதானே. ஒன்றைக் கற்றவனுக்கு மற்றது தானாக வந்துவிடும். இவர்களுக்கு வேண்டியதெல்லாம் பயம் என்ற உணர்ச்சியே இல்லாத மூளை. நமக்கு அது வாய்க்கவில்லை, அவ்வளவுதான்."

2024 நவம்பர் 9

இரண்டு கூற்றையும் மறுக்கிறேன். பனிக்காலத்தில் சுவிட்சர்லாந்தின் லாக்ஸ் மலையில் ஸ்னோபோர்டும், மற்ற மாதங்களில் சூரிச்சில் கான்கிரீட் குழியில் ஸ்கேட்போர்டும் ஓட்டுகிறவன் நான். தொழில்முறை ஆட்டக்காரன் இல்லை. ஆனாலும் இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது என் கால்களுக்குத் தெரியும்.

ஸ்னோபோர்டில் இரண்டு பாதங்களும் பைண்டிங் என்ற காலணிப் பிடிப்பில் பூட்டப்பட்டிருக்கும். பலகையின் விளிம்பில் ஓடும் எஃகுப் பட்டையால் பனியைக் கீறித்தான் திசையை மாற்ற வேண்டும். ஒலிம்பிக் ஹாஃப்பைப் என்பது மலைச் சரிவில் வெட்டிய, குழாயை நீளவாக்கில் பிளந்தது போன்ற பள்ளம். இரு பக்கச் சுவர்களும் 6.7 மீட்டர் உயரம், அதாவது 22 அடி. சரிவில் இருப்பதால் புவியீர்ப்பே வேகத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும். சுவர் பனிதான் என்றாலும் கிட்டத்தட்ட கல்லைப் போல இறுகியிருக்கும்.

ஸ்கேட்போர்டில் பாதத்தைப் பிடித்துவைக்க எதுவுமே கிடையாது. குழியில் சரிவும் கிடையாது. உள்ளே இறங்கிய வேகம் தீர்ந்துவிட்டால், உடம்பை மடக்கி நிமிர்த்திப் புதிய வேகத்தை நாமே உண்டாக்க வேண்டும். காற்றில் எழும்போது பலகையைக் கையால் பிடித்துக்கொள்ளாவிட்டால் அது தன் வழியில் போய்விடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு விழுவதில் இருக்கிறது. ஸ்கேட்போர்டில் தாவல் கெட்டுப்போகிறது என்று தெரிந்த நொடியே பலகையை உதைத்துத் தள்ளிவிட்டு, முழங்கால் கவசத்தில் சறுக்கிக்கொண்டு கீழே வந்துவிடலாம். நாங்கள் முதலில் கற்பதே அதுதான். ஸ்னோபோர்டில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. கால்கள் பூட்டப்பட்டிருக்கின்றன, பலகையும் உன்னோடுதான் விழும். பல ஆண்டுகள் கான்கிரீட்டில் விழுந்து பழகிய என் உடம்பு, ஹாஃப்பைப்பில் முதன்முதலில் தடுமாறியபோது பலகையை உதறத்தான் பார்த்தது. உதற முடியவில்லை. முன்விளிம்பு பனியில் குத்தி, மணிக்கட்டு உடைந்தது. ஒன்றைக் கற்றவனுக்கு மற்றது தானாக வரும் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒன்றில் உன்னைக் காப்பாற்றும் அனிச்சைச் செயல் மற்றதில் உன்னைக் காயப்படுத்தும்.

2024 நவம்பர் 9, இரவு

காலையில் எழுதியதைப் படித்தால், இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்வது போல ஒலிக்கிறது. தொடர்பு இருக்கிறது. ஊஞ்சலில் நின்றபடி உந்துகிற குழந்தை, கீழே வரும்போது குந்தி, சரியான கணத்தில் நிமிர்ந்து உயரத்தைக் கூட்டிக்கொள்ளும் அல்லவா? வளைந்த சுவரில் வேகம் சேர்ப்பதும் அதே வேலைதான், பனியானாலும் கான்கிரீட்டானாலும். சுவரின் உதட்டை, அதாவது மேல்விளிம்பை, எந்தக் கணத்தில் விட்டு எழ வேண்டும் என்ற கணிப்பும், தலைகீழாக இருக்கும்போது தரை எந்தப் பக்கம் என்று அறியும் உணர்வும் இரண்டுக்கும் பொது. ஆகவே காற்றில் இருக்கும்வரை இவர்கள் ஒரே ஆள். தரையைத் தொடும்போதுதான் இரண்டு ஆட்கள்.

2024 நவம்பர் 11

பயத்துக்கு வருகிறேன். "அட்ரினலின் போதை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லைப் போட்டுவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்பது பலருக்கும் வசதியாக இருக்கிறது. எனக்கு அது எதையும் விளக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். நல்ல ஆட்டக்காரர் சுவரின் உதட்டுக்கு மேல் ஐந்து மீட்டர் எழுகிறார். மேலே போக ஒரு நொடி, கீழே வர ஒரு நொடி. பள்ளத்தின் அடித்தளத்திலிருந்து பார்த்தால் அவர் பதினொரு மீட்டருக்கும் மேலே இருக்கிறார். அந்த இரண்டு நொடிக்குள் நான்கு முழுச் சுற்று சுற்றுவதற்குப் பெயர் 1440. அதையே அச்சைச் சாய்த்து, இடையில் இரண்டு முறை தலைகீழாகப் புரண்டு செய்தால் டபிள் கார்க், மூன்று முறை புரண்டால் டிரிபிள் கார்க்.

உயரம் இங்கே எதிரி இல்லை. செங்குத்தான சுவரின் மேற்பகுதியில், சாய்வோடு ஒட்டி இறங்கினால் ஏழு மீட்டரிலிருந்து வந்தாலும் முழங்காலுக்கு நோவு இல்லை. வேகம் கீழ்நோக்கிய ஓட்டமாகவே மாறிவிடுகிறது. அயுமுவின் தம்பி கைஷு ஹிரானோ 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் உதட்டுக்கு மேல் ஏழு மீட்டருக்கும் அதிகமாக எழுந்து, நின்றபடியே இறங்கினார். அதே தாவலில் ஓரிரு மீட்டர் வெளியே நகர்ந்து மேல்விளிம்பின் மீது விழுந்தாலோ, உள்ளே நகர்ந்து சமதளத்தில் விழுந்தாலோ உடம்பு சிதைந்துவிடும். ஆகவே இவர்கள் அஞ்சுவது இடத்துக்கு. எவ்வளவு உயரம் என்பதைவிட எங்கே இறங்குவேன் என்பதே அவர்கள் கேட்கிற கேள்வி. பயம் இல்லாதவனுக்கு அந்தக் கேள்வி எழாது. எழாதவன் இந்தத் தொழிலில் இரண்டு பனிக்காலம் தாங்க மாட்டான்.

சான்று வேண்டுமானால் 2017ஐப் பாருங்கள். மார்ச் மாதம் அமெரிக்க ஓப்பனில் ஹிரானோ விழுந்தார்; கல்லீரலில் காயம், இடது முழங்கால் தசைநாரிலும் காயம். அக்டோபரில் நியூசிலாந்துப் பயிற்சியில் ஷான் ஒயிட் விழுந்தார். முகத்தில் மட்டும் 62 தையல். 2018 பிப்ரவரியில் பியோங்சாங் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் இருவரும் ஒரே பள்ளத்தின் உச்சியில் நின்றார்கள். ஹிரானோ இரண்டாவது ஓட்டத்தில் 95.25 எடுத்து முன்னிலைக்குப் போனார். ஒயிட் கடைசி ஓட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு 1440 செய்து 97.75 எடுத்து, தங்கம் வென்றார். அந்த இரண்டில் ஒன்று, நான்கு மாதத்துக்கு முன் அவர் முகத்தைக் கிழித்த அதே தாவல். மறந்துவிட்டா செய்தார்? அந்தத் தையல்களின் தழும்பு அப்போதும் முகத்தில்தான் இருந்தது.

2024 நவம்பர் 17

இந்த இழையில் நான் சொல்ல விரும்பியதே இனிமேல்தான் வருகிறது. ஹிரானோவின் மனத்தைப் புரிந்துகொள்ள அவர் தங்கப் பதக்கம் உதவாது. அவர் 14ஆம் இடம் பெற்ற நாளைப் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் நிகாத்தா மாகாணத்தின் முராகாமி என்ற சிறிய கடலோர நகரில் 1998இல் பிறந்தவர். அப்பா அங்கே ஸ்கேட் பார்க் நடத்தினார். அண்ணனோடு சேர்ந்து நான்கு வயதிலேயே பலகையில் ஏறிவிட்டார். ஸ்கேட்போர்டு வீட்டுச் சொத்து. ஸ்னோபோர்டு பனிக்காலத்து வேலை. 2014 சோச்சியில் 15 வயதில் வெள்ளி. 2018இல் மறுபடியும் வெள்ளி. இருபது வயது ஆகவில்லை, கையில் இரண்டு ஒலிம்பிக் பதக்கம், எட்டவேண்டியது தங்கம் மட்டும். யாராக இருந்தாலும் அடுத்த நான்கு ஆண்டும் பனியைவிட்டு நகர மாட்டார்கள்.

அவர் நகர்ந்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டிருந்தது. பார்க் பிரிவில் இடம்பிடிக்க ஸ்கேட்போர்டுக்குத் திரும்பினார். பெருந்தொற்றால் டோக்கியோ ஓராண்டு தள்ளிப்போனது. அந்த ஓராண்டை அவர் பனியிலிருந்துதான் எடுத்துக்கொடுத்தார். 2021 ஆகஸ்டில் அரியாக்கே மைதானத்தில் ஆடினார். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர், இவர் 14ஆவது. ஆஸ்திரேலியாவின் கீகன் பால்மர் தங்கம் வென்றார்.

இதில் என்னைப் பிடித்து உலுக்குவது என்னவென்றால், தோற்கும் வாய்ப்பே அதிகம் என்பது அவருக்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கான்கிரீட்டிலேயே இருப்பவர்களோடு, ஆண்டின் பாதியைப் பனியில் கழித்தவர் போட்டியிடுகிறார். உலகின் உச்சியில் ஒரு நாற்காலி காத்திருக்க, அதைவிட்டு எழுந்துபோய் இன்னொரு வரிசையின் கடைசியில் நிற்பதற்கு ஒரு துணிவு வேண்டும். அந்தத் துணிவு உயரத்திலிருந்து குதிக்கிறவர்கள் எல்லோரிடமும் இல்லை. எலும்பு முறியும் என்ற பயத்தைவிட, மதிப்புக் குறையும் என்ற பயம் தொழில்முறை ஆட்டக்காரர்களை அதிகம் கட்டிப்போடுகிறது. புதிய தாவலைக் கற்காமல், கைவந்த தாவல்களையே திரும்பத் திரும்பச் செய்து புள்ளி சேர்க்கிற ஆட்டக்காரர்களை எல்லாப் போட்டியிலும் பார்க்கலாம். அவர்களிடம் துணிச்சல் குறைவு என்று சொல்ல மாட்டேன். சறுக்கல் ஊரார் கண்ணில் படக்கூடாது என்று நினைக்கிறார்கள்.

டோக்கியோ முடிந்த ஆறு மாதத்தில் பெய்ஜிங். இடையில், 2021 டிசம்பரில், கொலராடோவின் காப்பர் மலையில் நடந்த டியூ டூர் போட்டியில் ஹாஃப்பைப்பில் டிரிபிள் கார்க் செய்து இறங்கினார். அதற்கு முன் போட்டியில் எவரும் செய்யாத தாவல் அது.

2024 நவம்பர் 18

"ஆறு மாதம் போதுமென்றால் ஸ்னோபோர்டு அவ்வளவு எளிது என்றுதானே பொருள்?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆறு மாதத்தில் அவர் கற்றது ஒரு தாவல். அதற்குக் கீழே பதினெட்டு ஆண்டு இருக்கிறது.

ஷான் ஒயிட்டுக்கு நான்கு ஒலிம்பிக் தங்கம் என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மூன்றுதான்: 2006 துரின், 2010 வான்கூவர், 2018 பியோங்சாங். 2014இலும் 2022இலும் நான்காம் இடம். ஸ்கேட்போர்டில் அவர் எக்ஸ் கேம்ஸ் தங்கம் வாங்கியது 2007இலும் 2011இலும், வெர்ட் பிரிவில். வெர்ட் ஒலிம்பிக்கில் இல்லை. அதுவும் ஹாஃப்பைப் வடிவம்தான் என்பதால் பனியிலிருந்து வருகிறவருக்குச் சற்றுப் பழகிய இடம். ஹிரானோ எடுத்த பார்க் பிரிவோ வெவ்வேறு ஆழமுள்ள குழிகளும் மேடுகளும் கலந்தது. எந்த மூலையிலிருந்து எங்கே போவது என்பதை ஆட்டக்காரரே அமைத்துக்கொள்ள வேண்டும், 45 நொடிக்குள். இருவரையும் ஒப்பிடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

2024 டிசம்பர் 1

ஒயிட்டைப் பற்றிக் கடுமையான கருத்துகள் வந்திருக்கின்றன. பணக்கார ஆட்டக்காரர், தனக்கென்று ஒரு மலையையே வாங்கிக்கொண்டவர் என்று. மலையை வாங்கவில்லை. 2009இல் விளம்பரதாரர் ரெட் புல், கொலராடோவின் சில்வர்டன் பகுதியில் அவருக்கென ஒரு தனி ஹாஃப்பைப்பை அமைத்துக்கொடுத்தது. அதன் ஓரத்தில் ஒரு பஞ்சுக் குழியும் உண்டு. நுரைக் கட்டிகள் நிறைந்த அந்தக் குழியில் எத்தனை முறை தவறி விழுந்தாலும் எழுந்து வரலாம். இரண்டு முறை புரண்டு மூன்றரைச் சுற்று சுற்றும் டபிள் மெக்ட்விஸ்ட் 1260 என்ற தாவலை அங்கே பழகினார். வான்கூவரில் தங்கம் உறுதியான பிறகும், செய்யத் தேவையே இல்லாத கடைசி ஓட்டத்தில் அதைச் செய்து காட்டினார்.

அந்த வசதி எல்லோருக்கும் இல்லாததில் ஓர் அநீதி இருக்கிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. அதே பனிக்காலத்தில், 2009 டிசம்பர் 31 அன்று, யூட்டாவின் பார்க் சிட்டியில் டபிள் கார்க் பழகிக்கொண்டிருந்த கெவின் பியர்ஸ் தலையில் அடிபட்டு விழுந்தார். ஒயிட்டுக்குச் சமமாகப் பேசப்பட்டவர். மூளைக் காயத்திலிருந்து மீண்டார். போட்டிக்குத் திரும்ப முடியவில்லை. அதே பார்க் சிட்டி ஹாஃப்பைப்பில் 2012 ஜனவரியில், ஸ்கீ எனப்படும் இரட்டைப் பலகைப் பனிச்சறுக்கின் வீராங்கனை சாரா பர்க் பயிற்சியின்போது விழுந்து, சில நாளில் இறந்துபோனார். ஹாஃப்பைப் ஸ்கீயை ஒலிம்பிக்கில் சேர்க்கப் போராடியவர் அவர். 2014இல் சோச்சியில் அந்தப் பிரிவு நடந்தபோது அவர் இல்லை.

இந்த இரண்டு பெயரையும் எழுதியபிறகு நவம்பர் 11 குறிப்பில் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். இடத்தைக் கணக்கிடுகிறவர்களும் விழுகிறார்கள். பியர்ஸும் பர்க்கும் கவனமற்றவர்கள் இல்லை. கணக்கு சரியாக இருந்தும் உடம்பு ஒரு கணம் பிந்திவிடலாம். எனவே "கவனமாக இருந்தால் ஆபத்தில்லை" என்று என் எழுத்திலிருந்து யாரும் பொருள் எடுக்க வேண்டாம். ஆபத்து இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே மேலே ஏறுகிறவர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

2024 டிசம்பர் 2

பஞ்சுக் குழியைப் பற்றி இன்னும் கேட்கிறார்கள். இப்போது பெரும்பாலும் காற்று மெத்தைதான். பனிச்சுவரின் சாய்விலேயே விரித்துவைத்த பெரிய மெத்தை என்பதால் பலகையோடு இறங்கிச் சறுக்கவே பழகலாம். பஞ்சுக் குழியில் புதைந்துபோய்த் துழாவி வெளியே வர வேண்டியிருக்கும். லாக்ஸில் கூரைக்குக் கீழே இயங்கும் பயிற்சிக்கூடம் 2010இலிருந்து இருக்கிறது. அங்கே டிராம்போலினும் பஞ்சுக் குழியும் ஸ்கேட் தளமும் பக்கம் பக்கமாக உண்டு. ஒரே மாலையில் இரண்டு பலகையையும் மாற்றி மாற்றி எடுக்கும் சிறுவர்கள் அங்கே சாதாரணம்.

மெத்தையில் வந்தது பனியிலும் வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. முதன்முறை மெத்தை இல்லாத சுவருக்கு அதே தாவலை எடுத்துச் செல்லும் நாள், தாவல் மறுபடியும் புதிதாகிவிடுகிறது. உடம்புக்குத் தெரியும், மனம்தான் நம்ப மறுக்கும். பழகியவர்கள் இதை உடைக்கும் முறை எல்லோருக்கும் ஒன்றே. நேற்றுவரை செய்த எளிய தாவல்களை அன்று காலை வரிசையாகச் செய்வார்கள், வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள், பனி எப்படி இருக்கிறது என்று விளிம்பால் சோதிப்பார்கள். பிறகு ஒரு கட்டத்தில் பேச்சு நின்றுவிடும்.

2024 டிசம்பர் 15

இழை முழுக்க ஆண்களாகவே இருக்கிறார்களே என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கேட்டதற்கு நன்றி. காரா-பெத் பர்ன்சைடு என்ற பெயர் இந்த இழையில் முதல் நாளே வந்திருக்க வேண்டும்.

கலிஃபோர்னியாக்காரர். பெண்கள் ஸ்கேட்போர்டு ஆடுவதைப் போட்டி நடத்துகிறவர்கள் பொருட்டாகவே கருதாத காலத்தில் ஆடத் தொடங்கினார். பெண்களுக்குத் தனிப் பிரிவு இல்லாத போட்டிகளில் ஆண்களோடு நின்றார். ஸ்னோபோர்டு முதன்முதலாக ஒலிம்பிக்கில் வந்த 1998 நாகானோவில், அமெரிக்காவுக்காக ஹாஃப்பைப்பில் நான்காம் இடம். பிறகு எக்ஸ் கேம்ஸில் பெண்கள் வெர்ட் ஸ்கேட்போர்டில் தங்கம். பெண்களுக்கு மிகக் குறைந்த பரிசுத்தொகை கொடுத்ததை எதிர்த்து மற்ற வீராங்கனைகளோடு சேர்ந்து அமைப்பு தொடங்கிப் போராடியவர்களில் ஒருவர். எக்ஸ் கேம்ஸ் பின்னர் ஆண், பெண் பரிசைச் சமமாக்கியதில் அந்தப் போராட்டத்துக்குப் பங்கு உண்டு.

ஒயிட்டுக்கும் ஹிரானோவுக்கும் இரண்டு பலகை என்றால், இவருக்கு மூன்றாவதாக ஒரு சுவர் இருந்தது. பரிசுப் பணம் பேருந்துச் செலவுக்குக்கூடப் போதாத நிலையில் இரண்டு விளையாட்டிலும் உச்சத்தில் இருந்த ஒருவரின் மனநிலையைப் பற்றி எழுதப்பட்டிருப்பது மிகக் குறைவு. ஒயிட்டின் சிகையலங்காரம் பற்றி எழுதிய பக்கங்களில் பாதியாவது இவருக்குக் கொடுத்திருக்கலாம்.

2025 ஜனவரி 12

பெய்ஜிங் இறுதிச் சுற்றின் மதிப்பெண் குளறுபடியைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். 2022 பிப்ரவரி 11. ஆளுக்கு மூன்று ஓட்டம், சிறந்த ஒன்று கணக்கில் வரும். ஆறு நடுவர்கள், அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நீக்கி மற்ற நான்கின் சராசரி.

முதல் ஓட்டத்தில் ஹிரானோ விழுந்தார். இரண்டாவதில் முதல் தாவலே டிரிபிள் கார்க் 1440. அதன்பிறகு நான்கு தாவல்கள், நான்கும் டபிள் கார்க். ஒரு சறுக்கல்கூட இல்லை. மதிப்பெண் 91.75. ஆஸ்திரேலியாவின் ஸ்காட்டி ஜேம்ஸ் 92.50 வைத்திருந்தார். கூட்டம் கூச்சலிட்டது; தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் கொதித்தார்கள்.

ஸ்காட்டி ஜேம்ஸின் ஓட்டத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். அவர் பின்புறமாகச் சுற்றும் தாவல்களின் நேர்த்தி வேறு எவருக்கும் இல்லை. ஆனால் உலகில் ஒருவர் மட்டுமே முழு ஓட்டத்தில் செய்துமுடித்த தாவலுக்கு அவ்வளவுதான் மதிப்பு என்றால், அடுத்த தலைமுறை எதற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டும்? போட்டி முடிந்தபின் ஹிரானோ சொன்னதும் இந்தப் பொருளில்தான்: ஆட்டக்காரர்கள் உயிரைக் கொடுத்துச் செய்கிறார்கள், அதற்கேற்ற அளவுகோல் வேண்டும் என்றார்.

மூன்றாவது ஓட்டம். இறுதிச் சுற்றின் கடைசி ஆள் அவர். அந்த இடத்தில் மதிப்பெண்ணைக் கூட்ட ஏதாவது மாற்றிச் செய்ய வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர் மாற்றவில்லை. அதே ஐந்து தாவல், அதே வரிசை, இன்னும் உயரமாக. 96.00. தங்கம். வெள்ளி ஜேம்ஸுக்கு, வெண்கலம் எங்கள் சுவிஸ் வீரர் யான் ஷெரருக்கு. கடைசிப் போட்டி ஆடிய ஷான் ஒயிட் நான்காவது. விழுந்து எழுந்து தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கீழே சறுக்கி வந்தார்.

இரண்டாவது மதிப்பெண்ணால் கோபம் வந்தது என்பதை ஹிரானோ மறைக்கவில்லை. அந்தக் கோபத்தை ஓட்டத்தில் போட்டதாகச் சொன்னார். நான் திரும்பத் திரும்பப் பார்த்தும் அந்த ஓட்டத்தில் ஆத்திரத்தின் அவசரம் ஓர் இடத்திலும் தெரியவில்லை. கோபத்தோடு காற்றில் ஏறினால் தோள் முந்திக்கொள்ளும், சுற்று முன்னதாகவே தொடங்கிவிடும், இறங்கும் இடம் மாறிவிடும். எனக்கு அப்படி நடந்திருக்கிறது, கூட ஆடும் எல்லோருக்கும் நடந்திருக்கிறது. கோபத்தை வேகத்துக்கு மட்டும் கொடுத்து, தோளுக்குக் கொடுக்காமல் வைத்திருக்க அவருக்கு எங்கிருந்து வந்தது? என் ஊகம்: 14ஆம் இடத்திலிருந்து. பெயர் தரவரிசைப் பட்டியலின் அடியில் இருக்கும்போதும் தன் ஆட்டத்தை ஆடிப் பழகியவருக்கு, ஒரு தவறான எண் அந்த அளவுக்குக் காயமாகாது. இது என் ஊகம்தான், மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

2025 ஜனவரி 13

மறுப்பு வந்துவிட்டது. "அவர் டோக்கியோ போகாமலே இருந்திருந்தால் பெய்ஜிங்கில் இன்னும் எளிதாக வென்றிருப்பாரே?" இருக்கலாம். அப்படியும் யோசித்துப் பார்த்தேன். பனியிலேயே நான்கு ஆண்டும் இருந்திருந்தால் டிரிபிள் கார்க் ஓராண்டு முன்பே வந்திருக்கும். மற்றவர்களும் அதற்குள் கற்றிருப்பார்கள். விளையாட்டில் இப்படி நடக்காத வரலாற்றை எழுதுவதற்கு எல்லையில்லை. ஆனால் உங்கள் கேள்வியில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: ஸ்கேட்போர்டு அவருக்குப் பெய்ஜிங்குக்கான பயிற்சி இல்லை. அதை அதற்காகவே ஆடினார். நான் பெய்ஜிங்கோடு முடிச்சுப் போட்டுப் பேசுவது அவருக்கு நியாயம் செய்வதாகாது.

2025 ஜனவரி 26

லாக்ஸில் போட்டிக்கு முந்தைய பயிற்சியைக் கயிற்றுக்கு இப்பால் நின்று பார்த்தேன். பெயர் சொல்ல மாட்டேன், உலகத் தரவரிசையில் இருக்கிற ஒருவர். மேலே போனார், உட்கார்ந்து பைண்டிங்கைக் கட்டினார், வெகுநேரம் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்று வீசிக்கொண்டிருந்தது. பிறகு பைண்டிங்கைக் கழற்றிப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி நடந்துவிட்டார். பயிற்சியாளர் முதுகில் தட்டினார், எதுவும் கேட்கவில்லை. பயமே தெரியாதவர்கள் என்று முதல் நாள் எழுதிய வாசகருக்கு இந்த ஒன்றைக் காட்ட முடிந்திருந்தால் நவம்பர் முழுக்க எழுதியதை மிச்சப்படுத்தியிருப்பேன்.

சுவிஸ் பேச்சு வந்ததால் ஒன்று. ஒலிம்பிக் ஹாஃப்பைப்பின் முதல் ஆண்கள் தங்கம், நாகானோவில், சுவிஸ் வீரர் ஜியான் சிம்மனுக்கு. அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்த நார்வேயின் டெர்யே ஹாகன்சன் வந்திருந்தால் கதை வேறு என்பவர்கள் இன்றும் உண்டு. சோச்சியில் ஒயிட்டைத் தோற்கடித்த யூரி போட்லாட்சிகோவும் சுவிஸ்தான், ரஷ்யாவில் பிறந்தவர். தன் டபிள் கார்க் 1440க்கு யோலோ என்று பெயர் வைத்தார். 2018 ஜனவரியில் எக்ஸ் கேம்ஸில் தலையில் அடிபட்டு விழுந்தார். அடுத்த மாத ஒலிம்பிக்கில் ஆட முடியவில்லை.

2025 பிப்ரவரி 9

பிழைப்பைப் பற்றிச் சுருக்கமாக. பதக்கத்தில் பணம் குறைவு; விளம்பரதாரர்களிடம்தான் இருக்கிறது. ஒயிட்டுக்கு, ஸ்னோபோர்டு தயாரிக்கும் பர்ட்டன் நிறுவனம் ஏழு வயதிலேயே பலகை கொடுக்கத் தொடங்கியது. பதின்மூன்றில் ஸ்னோபோர்டிலும் பதினேழில் ஸ்கேட்போர்டிலும் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். இதயக் குறைபாட்டோடு பிறந்து, ஒரு வயதுக்குள் இரண்டு அறுவை சிகிச்சை கண்ட பிள்ளை. ஸ்கேட்போர்டுப் பக்கம் அவரைக் கைபிடித்து அழைத்துச் சென்றவர் புகழ்பெற்ற ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக். 2025இல் ஒயிட் ஆட்டக்காரர்களுக்கென்று தி ஸ்னோ லீக் என்ற தொடரைத் தொடங்கினார். முதல் போட்டி 2025 மார்ச்சில் ஆஸ்பெனில். பெண்களுக்கும் ஆண்களுக்கும் சமப் பரிசு என்று அறிவித்தார்கள். பர்ன்சைடைப் பற்றிக் கேட்ட வாசகி இதைக் கவனிக்க வேண்டும்.

2025 மார்ச் 2

மகளுக்குப் பத்து வயது, இரண்டையும் ஆட ஆசைப்படுகிறாள், எதில் தொடங்குவது என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். அக்கா, ஸ்கேட்போர்டில் தொடங்குங்கள். செலவு குறைவு, தெருமுனையில் பழகலாம், மலை வேண்டாம். தலைக்கவசம், முழங்கால் கவசம், மணிக்கட்டுக் கவசம் மூன்றும் முதல் நாளிலிருந்தே. தாழ்வான சரிவில், பலகை இல்லாமல், கவசத்தோடு ஓடிவந்து முழங்காலில் சறுக்கி விழப் பழக்குங்கள். அவளுக்கு அது விளையாட்டாக இருக்கும். விழுவது சலிப்பாகிப்போன பிறகு பலகையைக் கொடுங்கள்.

பனிக்குப் போகும் நாளில், அங்கே விழுவது வேறு என்று முன்னரே சொல்லிவிடுங்கள். பலகையை உதற முடியாது. முன்னால் விழுந்தால் கையை நீட்டாமல், முட்டி மடக்கி, முன்கையை மார்போடு சேர்த்து விழ வேண்டும். பின்னால் விழுந்தால் மோவாயை நெஞ்சில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஹாஃப்பைப் பக்கம் முதல் ஆண்டில் போகவே வேண்டாம். எந்த நாளிலாவது "இன்று வேண்டாம்" என்று அவள் சொன்னால், காரணம் கேட்காமல் வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.